விழ விடுவது பாவமா?



தலைப்பைப் பார்த்துவிட்டு, ஏதோ கர்ம வினைக் கணக்கு எழுதப் போகிறான் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நான் எழுதப் போவது ஒன்பது, பத்து மாதக் குழந்தையைப் பற்றி. சோபாவைப் பிடித்து எழுந்து நிற்கும். நம்மைப் பார்த்துச் சிரிக்கும். சிரிக்கிற சந்தோஷத்தில் கையை விடும். தொப்பென்று விழும். கொஞ்சம் அழுதுவிட்டு மறுபடியும் அதே சோபாவுக்குப் போகும். எல்லார் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள்.

அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. விழப் போகிறது என்று நமக்குத் தெரியும். கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறோம். பிடித்திருக்கலாம், ஆனால் பிடிக்கவில்லை. இது சரியா? பெரியவர்கள் என்றால் சம்மதம் கேட்கலாம். சைக்கிள் பழகும் நண்பனிடம் "விடட்டுமாடா?" என்று கேட்டுவிட்டு விடலாம். குழந்தையிடம் அப்படிக் கேட்க முடியாது. அடி படுவது அதற்கு, முடிவு எடுப்பது நாம். அந்த முடிவை எடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது என் அக்காதான். நான் மெக்கானிக்கல் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். போன செமஸ்டர் விடுமுறையில் கிள்ளானில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவுக்கு மகப்பேறு விடுப்பு 98 நாள். அது முடிந்து வேலைக்குத் திரும்பிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எங்கள் பாட்டி. அவருக்கு வயது 73, இரண்டு முட்டியிலும் வலி. குழந்தை எழுந்து நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் தினமும் ஒரு சின்ன விவாதம்.

பாட்டி சொல்வார்: "விழுந்தாத்தான் எந்திரிக்கும். உங்கம்மாவெல்லாம் லயத்து வீட்டுல சிமெண்டுத் தரையிலதான் நடந்தா."

அக்கா சொல்வார்: "தலையில பட்டா என்ன செய்யுறது பாட்டி? ஒரு வாக்கர் வாங்கிடலாம். அதுல உட்கார வச்சிட்டா நீங்களும் கொஞ்சம் உட்காரலாம்ல."

இரண்டு பேரும் பேசுவது அன்பினால்தான். ஒருவர் குழந்தை கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். இன்னொருவர் அடிபடக் கூடாது என்கிறார், கூடவே பாட்டியின் முட்டியையும் நினைக்கிறார். யார் பக்கம் பேசுவது?

நிற்பது சும்மா வேலை இல்லை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தலைகீழ் ஊசல் என்று ஒரு சாதனம் உண்டு. அடியில் ஒரு வண்டி, மேலே செங்குத்தாக ஒரு கம்பி. கம்பி சாயும்போது எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்பதை உணர்ந்து, வண்டி அந்தப் பக்கம் நகர்ந்து கம்பியை நிமிர்த்த வேண்டும். சின்ன வயதில் துடைப்பக் குச்சியை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்போம் இல்லையா, அதேதான்.

நிற்கும் மனித உடம்பும் ஒரு தலைகீழ் ஊசல். குழந்தைக்கு அது இன்னும் கஷ்டம். பிறக்கும்போது உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலை. ஒரு வயதிலும் தலைதான் கனம், பாதம் சிறிசு. மேலே பாரம், அடியில் அகலம் இல்லை. இப்படி ஒரு இயந்திரத்தை நான் வரைந்து கொடுத்தால் விரிவுரையாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார்!

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று. ஊசலின் கம்பியை நான் கையால் பிடித்துக்கொண்டால் அது சாயாது. ஆனால் வண்டிக்கு எந்தத் தகவலும் போகாது. சாய்ந்தால்தான் "இவ்வளவு சாய்ந்திருக்கிறேன்" என்ற செய்தி கிடைக்கும். அந்தச் செய்தியை நாங்கள் பிழை என்கிறோம். பிழை இல்லாமல் திருத்தம் இல்லை. குழந்தையை எப்போதும் அக்குளில் பிடித்து நிறுத்தினால் அதன் காலும், இடுப்பும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடத்தை நாம் எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்ற உளவியலாளர் குழந்தைகள் நடக்கக் கற்பதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார். 2012ல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். ஒரு மணி நேரத்தில் 17 முறை! எந்தப் பாட்டியும், எந்த அம்மாவும் அத்தனையையும் பிடிக்க முடியாது. பிடித்தால் அங்கே கற்றல் நின்றுவிடும். ஆகவே விழுவது கற்றலுக்கு நடுவே வரும் விபத்து இல்லை. கற்றலே அப்படித்தான் நடக்கிறது. இந்த அளவில் பாட்டி சொன்னது சரி.

வாக்கர் யாருக்காக?

வாக்கரில் குழந்தை நிற்பதில்லை. துணி இருக்கையில் தொங்குகிறது, கால் விரலால் உந்துகிறது. சாயவே சாயாது, அதனால் மேலே சொன்ன பிழைச் செய்தியும் கிடைக்காது. வாக்கரில் வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பது நம்மிடையே பரவலான நம்பிக்கை. ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. தாமதப்படுத்தலாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் எச்சரிக்கிறது.

ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. சக்கரம் இருப்பதால் குழந்தை ஒரு வினாடியில் 3 அடிக்கு மேல் போய்விடும். நாம் "ஏய்!" என்று சொல்லி முடிப்பதற்குள் படிக்கட்டில் இருக்கும். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை சுமார் 230,000 குழந்தைகள் வாக்கர் காயங்களுக்காக அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்குக் காயம் தலையிலோ கழுத்திலோ. நான்கில் மூன்று பேர் விழுந்தது படிக்கட்டில். கனடா 2004லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

யசோதை கண்ணனைக் கட்டிப்போட்ட கதை நமக்குத் தெரியும். உரலில் கட்டியாச்சு, இனி கவலை இல்லை என்று அவர் உள்ளே போனார். கண்ணன் உரலோடு தவழ்ந்து போய் இரண்டு மருத மரங்களையே சாய்த்தான். பக்தியோடு கேட்க வேண்டிய கதைதான். எனக்கு அதில் ஒரு பொறியியல் பாடமும் தெரிகிறது. கட்டிப்போடுவது வேறு, பாதுகாப்பு வேறு. கட்டியதும் நம் கண் வேறு பக்கம் போய்விடுகிறது. அங்கேதான் ஆபத்து.

நம் முன்னோர் பயன்படுத்திய மூன்று சக்கர நடைவண்டி இதிலிருந்து வேறு. குழந்தை தன் காலில் நின்று, தன் கையால் பிடித்து, தானே தள்ள வேண்டும். பிடியை விட்டால் விழும். பாரம் முழுக்க அதன் காலில்தான். அதற்கும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது உண்மை. ஆனால் வாக்கர் குழந்தையைச் சுமக்கிறது, நடைவண்டி குழந்தையோடு போகிறது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அக்கா கேட்டார்: "சரி தம்பி, வாக்கர் வேணாம். பாட்டி முட்டிக்கு என்ன வழி?" நியாயமான கேள்வி. பல வீடுகளில் வாக்கர் வாங்குவது அறியாமையால் இல்லை, களைப்பால். பார்த்துக்கொள்ள ஒரே ஆள்தான், அவருக்கும் சமையல் இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் அறிவுரை சொல்வது சுலபம்.

எந்த விழுதல், யாருடைய பொறுப்பு?

மலேசியாவில் பொறியியல் படிக்கும் எல்லாருக்கும் ஹைராக் தெரிந்திருக்கும். வேலையிடத்தில் அபாயங்களைக் கண்டுபிடித்து அளப்பதற்கு டோஷ் 2008ல் வெளியிட்ட வழிகாட்டி. நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண். நடந்தால் எவ்வளவு பாதிப்பு என்பதற்கு 1 முதல் 5 வரை இன்னோர் எண். இரண்டையும் பெருக்கினால் இடர் எவ்வளவு என்று தெரியும்.

நான் அக்காவின் ஹாலுக்கு ஹைராக் போட்டேன். அத்தான் சிரித்தார், பரவாயில்லை.

குழந்தை பாய் மேல் நின்று விழுவது: வாய்ப்பு 5, கட்டாயம் நடக்கும். பாதிப்பு 1, முதலுதவியோடு முடியும் சிராய்ப்பு, வீக்கம். மொத்தம் 5.

டிராயர் வைத்த உயரமான அலமாரி குழந்தை மேல் சாய்வது: வாய்ப்பு 2, அரிதுதான். பாதிப்பு 4, ஓர் உயிர் போகலாம். மொத்தம் 8.

ஆனால் வீட்டில் எல்லாரும் பதறியது அந்த 5க்குத்தான். 8ஐ யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் கண்ணில் படுவது நம்மைப் பயமுறுத்துகிறது. ஒருமுறைகூட நடக்காதது பயமுறுத்துவதில்லை. மூன்று டிராயரையும் திறந்து குழந்தை அதில் கை ஊன்றினால், பாரம் முன்பக்கம் வந்து அலமாரி தானாகவே கவிழும். அதற்குக் குழந்தையின் எடையே போதும்.

ஹைராக் அட்டவணையில் ஒரு குறையும் இருக்கிறது. பாதிப்புக்கு ஒரு பத்தி உண்டு, பலனுக்குப் பத்தி கிடையாது. பாய் மேல் விழுவதில் குழந்தைக்குக் கிடைப்பது ஒன்று உண்டு, நிற்கும் கலை. அலமாரி சாய்வதில் கிடைப்பது எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டைக் கணக்கு சொல்லாது, நாம்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். அடால்ஃப் சரிவுப் பலகைகளை வைத்தும் ஆராய்ந்திருக்கிறார். பல வாரம் தவழ்ந்து பழகிய குழந்தை, செங்குத்தான சரிவைக் கண்டால் நின்றுவிடும். அதே குழந்தை எழுந்து நடக்க ஆரம்பித்த புதிதில், அதே சரிவில் யோசிக்காமல் இறங்கி விழும். தவழும்போது கற்றது நிற்கும்போது கை கொடுப்பதில்லை, புதிதாகக் கற்க வேண்டும். ஆகவே "எங்க பிள்ளை கெட்டிக்காரன், படிக்கட்டுகிட்ட போக மாட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பிள்ளை நிற்க ஆரம்பித்த வாரத்தில் அந்த நம்பிக்கையைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த விடை இது. குழந்தையால் தாங்கக்கூடிய, புரிந்துகொள்ளக்கூடிய விழுதல் குழந்தையுடையது. அதைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை. குழந்தையால் தாங்க முடியாத, பார்த்தும் புரியாத ஆபத்து நம்முடையது. அதை அது சந்திக்க விட நமக்கு உரிமை இல்லை. முதலாவதை அனுமதிக்கும் உரிமை, இரண்டாவதை நீக்கிய பிறகுதான் வருகிறது. நீக்காமலே "விழுந்தாத்தான் எந்திரிக்கும்" என்று சொன்னால் அது தத்துவம் இல்லை, சோம்பல்.

"பாத்துக்கோ" என்ற சொல்

நம் வீடுகளில் பாதுகாப்பு என்றால் ஒரே சொல்தான்: "பிள்ளையைப் பாத்துக்கோ." பொறியியலில் ஆபத்தைக் கையாள ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே நீக்கு. முடியாவிட்டால் வேறொன்றை வை. அதுவும் முடியாவிட்டால் தடுப்பு போடு. அதற்கும் பிறகுதான் விதிமுறை, எச்சரிக்கை, கண்காணிப்பு. "பாத்துக்கோ" என்பது அந்த வரிசையில் கிட்டத்தட்டக் கடைசி. ஏனென்றால் மனிதக் கண் சோரும். போன் மணி அடிக்கும், சோறு பொங்கும். எல்லாப் பாரத்தையும் ஒரு பாட்டியின் கண்ணில் ஏற்றிவிட்டு நாம் வேலைக்குப் போகிறோம்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தானும் தரையில் தவழ்ந்து பார்த்தோம். குழந்தையின் உயரத்தில் வீடு வேறு மாதிரி தெரிகிறது. அலமாரியையும் டிவி மேசையையும் எல் வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு முடுக்கினோம். மேசை விரிப்பை எடுத்தோம், இழுத்தால் மேலே இருக்கும் சூடான மைலோ தலையில் கொட்டும். குளியலறையில் வாளித் தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தோம். நின்று எட்டிப் பார்க்கும் குழந்தை தலைக்கனத்தால் உள்ளே விழுந்தால் மேலே வர முடியாது, கொஞ்சத் தண்ணீரே போதும். தொட்டில் கட்டிலின் மெத்தையைக் கீழே இறக்கினோம். படிக்கட்டுக்கும் சமையலறைக்கும் கேட் போட்டோம். குழந்தைக்குச் சாக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்தோம், டைல்ஸ் தரையில் வெறுங்காலுக்குத்தான் பிடி கிடைக்கும்.

பூஜை இடத்தில்தான் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. குத்துவிளக்கு தரையில் இருந்தது. குழந்தைக்கு அது பளபளப்பான, பிடித்து எழுந்து நிற்கத் தோதான ஒரு கம்பம். உள்ளே எண்ணெய், மேலே நெருப்பு, பக்கத்தில் கற்பூரமும் தீப்பெட்டியும். பாட்டி முதலில் தயங்கினார். பிறகு அவரே, "சாமி மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன, எடுத்து மேல வைங்கடா" என்றார். விளக்கு இப்போது உயரமான மேடையில் எரிகிறது.

இதற்குப் பிறகு பாட்டி ஓட வேண்டியதில்லை. ஹாலின் பாதி குழந்தையுடையது. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டே இருப்பார். கண் ஒரு நொடி விலகினாலும் உயிருக்கு ஆபத்தில்லாத இடம். அக்கா கேட்ட முட்டிக் கேள்விக்கும் இதுதான் வழியாக அமைந்தது.

வீக்கத்தைப் பார்த்துத் தீர்ப்பா?

இவ்வளவு செய்தும் குழந்தை விழுந்தான். ஒருநாள் விளையாட்டுச் சாமான் மேல் விழுந்து நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம். சாயங்காலம் வந்த உறவினர் ஒருவர் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்: "என்ன பாத்துக்கிட்டு இருந்தீங்க எல்லாரும்?" அக்கா எதுவும் சொல்லவில்லை. ராத்திரி என்னிடம் கேட்டார்: "விழ விட்டது நாமதானே தம்பி. அப்போ அந்த அடி நம்ம கணக்குலதானே வரும்?"

தலைப்பில் இருக்கும் கேள்வி அக்காவுடையதுதான்.

1976ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் அறம் சார்ந்த அதிர்ஷ்டம் பற்றி எழுதினார்கள். இரண்டு பேர் ஒரே கவனக்குறைவோடு இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒன்றும் நடக்கவில்லை, இன்னொருவருக்கு விபத்து. உலகம் இரண்டாமவரை மட்டும் குற்றம் சொல்கிறது. இது நியாயமா என்பது அவர்கள் எழுப்பிய பிரச்சினை. நமக்கு இது புதுசு இல்லை. செயலில்தான் உன் அதிகாரம், பலனில் இல்லை என்று கீதை வகுப்பில் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வீட்டில் அதை மறந்துவிடுகிறோம். வீக்கம் என்ற பலனைப் பார்த்து அம்மாவுக்குத் தீர்ப்பு எழுதுகிறோம். அலமாரியை முடுக்கிய செயலை யாரும் பார்ப்பதில்லை. வீக்கமே இல்லாத இன்னொரு வீட்டில் அலமாரி ஆடிக்கொண்டு நிற்கலாம், வாளி நிறையத் தண்ணீர் இருக்கலாம். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பதால் அவர்கள் நல்ல பெற்றோர், இவர்கள் மோசமான பெற்றோரா?

கீதையை "பலன் எப்படியோ போகட்டும்" என்று படிப்பவர்களும் உண்டு. அது எனக்கு ஒப்பவில்லை. பலன் முக்கியம் என்பதால்தான் முன்கூட்டியே செய்ய வேண்டியதைச் செய்கிறோம். விழுந்த பிறகும் கடமை இருக்கிறது. நினைவு தப்பினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், "சின்னப் பிள்ளைதானே, விழத்தான் செய்யும்" என்று இருக்கக் கூடாது.

அக்காவுக்கு நான் சொன்ன பதில்: "ஆமாக்கா, நம்ம கணக்குதான். ஆனா அது கடன் கணக்கு இல்ல, செலவுக் கணக்கு. அவன் நிக்கிறதுக்கு நாம சேர்ந்து கொடுக்கிற செலவு." பொறுப்பு வேறு, குற்றம் வேறு. விழ விட்டதற்குப் பொறுப்பு ஏற்கலாம், வருந்தலாம், மருந்து தடவலாம். செய்ய வேண்டியதைச் செய்தவர் குற்றவாளியாகக் கூனிக் குறுக வேண்டியதில்லை. இந்த வேறுபாடு தெரியாத வீட்டில், பழிக்குப் பயந்தே அம்மாக்கள் குழந்தையை இடுப்பை விட்டு இறக்க மாட்டார்கள். அப்போது காப்பாற்றப்படுவது குழந்தை இல்லை, பெரியவர்களின் பெயர்.

வைணவத்தில் குரங்கு நியாயம், பூனை நியாயம் என்று இரண்டு சொல்வார்கள். குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்கிறது, வடகலையார் சொல்லும் உவமை. பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகிறது, தென்கலையார் சொல்லும் உவமை. இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சொல்ல வந்தவை அவை. மனிதக் குழந்தை நிற்கப் பழகும் அந்தச் சில மாதங்களில், தாய் இந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறாள். இரண்டடி தள்ளி உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, தொடாமல் காத்திருக்கிறாள்.

பிள்ளைத்தமிழை அமைத்த நம் புலவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது. ஆறாவது வருகை. தளர்நடை போடும் குழந்தையை "வா" என்று அழைப்பது. காப்பு முதலில் வந்துவிடுகிறது, அதனால் பிறகு பயமில்லாமல் அழைக்க முடிகிறது.

நண்பர்களே, நம்மில் பலருக்கு இன்னும் குழந்தை இல்லை. ஆனால் மாமாவாக, சித்தியாக, அத்தையாக இருக்கிறோம். சேவை என்றால் கோயில் திருவிழாவில் தண்ணீர் கொடுப்பது மட்டும் இல்லை. இந்த வாரம் நிற்கப் பழகும் குழந்தை இருக்கும் ஒரு வீட்டுக்குப் போங்கள். டிரில்லை எடுத்துப் போங்கள், ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்கு எல் பட்டை கிடைக்கும். அலமாரியை முடுக்கிக் கொடுங்கள். குழந்தையின் நெற்றியில் வீக்கம் இருந்தால், "என்ன பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை நொடி நின்னான்?" என்று கேளுங்கள்.